தாயற்றவனின் வழக்கு: ஒரு கொரியத் திரைப்படமும் பழவேற்காட்டுப் பாடும்

தாயன்பு என்பது நம் காலத்தில் கேள்விக்கு உட்படுத்தப்படாத ஒருசில விழுமியங்களுள் ஒன்று. சமயங்களும் இலக்கியங்களும் அதனை உயர்த்திப் பேசியுள்ளன. வெகுசனத் திரைப்படமோ அதனைத் தன் நிரந்தர மூலதனமாகவே கொண்டுள்ளது. பிள்ளைக்காக எதையும் செய்யத் துணியும் தாயையோ தந்தையையோ திரையில் காணும்போது, அவர் செய்வது சரியா தவறா என்னும் வினா நம் உள்ளத்தில் எழுவதில்லை. 'எதையும்' என்ற அச்சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கும், அதற்கான விலையைச் செலுத்துபவர் யார் என்று நாம் கேட்பதும் இல்லை. கேட்க மறந்த இவ்வினாவைப் பார்வையாளரின் முன் தயக்கமின்றி வைத்த படம், தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ 2009ஆம் ஆண்டில் உருவாக்கிய 'மதர்'.

இப்படத்திற்குக் கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை என்றே கூற வேண்டும். கான் திரைப்பட விழாவில் அது முதன்மைப் போட்டிக்கு வெளியே, 'அன் செர்டெய்ன் ரிகார்ட்' பிரிவில் திரையிடப்பட்டது. தென்கொரியா தன் சார்பில் அதனை ஆஸ்கர் விருதுக்கு அனுப்பியது. இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. போங்கின் முந்தைய படமான 'தி ஹோஸ்ட்' (2006) கொரியாவில் 1.3 கோடிப் பார்வையாளர்களை ஈர்த்திருக்க, 'மதர்' ஏறத்தாழ 30 இலட்சம் பேரையே ஈர்த்தது. 2019இல் 'பாரசைட்' கானின் தங்கப்பனை விருதையும் அடுத்த ஆண்டில் நான்கு ஆஸ்கர் விருதுகளையும் வென்றபோது, போங்கின் பெயர் தமிழ்நாட்டிலும் பரவலாக அறியப்பட்டது. ஆயினும் இங்கு எழுந்த பேச்சின் பெரும்பகுதி, அப்படம் நம் 'மின்சார கண்ணா'வை (1999) ஒத்திருக்கிறதா என்பதிலேயே செலவழிந்தது. குற்றப் புலனாய்வுப் படங்களின் இரசிகர்கள் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) படத்தைக் கொண்டாடுகின்றனர். இவ்விரு சிகரங்களுக்கும் இடையே 'மதர்' மறைந்து நிற்கிறது.

உறவின் வழியாக மட்டுமே நீதியை எட்ட முடியும் என்ற நிலையிலுள்ள ஒரு சமூகத்தில், உறவற்றவனுக்கு நேர்வது என்ன? 'மதர்' எழுப்பும் அடிப்படை வினா இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. அவ்வினா கொரியாவுக்கு மட்டும் உரியதன்று. நம் வடகோடிக் கடற்கரையில், பழவேற்காட்டு ஏரியின் மீனவக் கிராமங்களில், ஒரு பழைய வழக்கத்தின் உருவில் அது நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. அதனருகே வைத்துப் பார்க்கும்போதுதான் இப்படத்தின் கூர்மை நமக்கு முழுமையாகப் புலப்படுகிறது. படத்தின் முடிவைக் கூறாமல் அதனைப் பேச இயலாது என்பதை மட்டும் வாசகர்க்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பெயரில்லாத தாய்

கதை நிகழ்வது ஒரு சிற்றூரில். ஒரு கைம்பெண் போலத் தனித்து வாழும் நடுவயது கடந்த பெண் மூலிகைகளை விற்றும், உரிமம் இன்றிக் குத்தூசி மருத்துவம் செய்தும் பிழைக்கிறாள். படம் முழுவதும் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் 'தாய்', அவ்வளவே. அவளுடைய ஒரே மகன் டோ-ஜூன், இருபது வயதைக் கடந்தும் அறிவு வளர்ச்சி முழுமை பெறாதவன். தந்தை என்று ஒருவர் படத்தில் எங்கும் இல்லை. தாயும் மகனும் ஒரே பாயில் உறங்குகின்றனர். மகன் சுவரோரம் நின்று சிறுநீர் கழிக்கும்போதும் தாய் மருந்துக் கிண்ணத்தை அவன் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

தொடக்கத்தில் வரும் ஒரு காட்சி முழுப் படத்துக்கும் திறவுகோல் எனலாம். இருண்ட கடைக்குள் தாய் காய்ந்த மூலிகைகளை வெட்டுகத்தியால் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவள் கண்கள் தெருவின் எதிர்ப்புறம் நாயோடு விளையாடும் மகன்மீதே பதிந்துள்ளன. கத்தி அவள் விரலை நெருங்க நெருங்கப் பார்வையாளர் பதறுகிறார். ஒரு பென்ஸ் கார் மகனை இடித்துச் செல்லும் அதே கணத்தில் அவள் விரல் வெட்டுப்படுகிறது. தெருவுக்கு ஓடிவந்த அவள், மகன்மீது இருக்கும் குருதி அவனுடையது என்று எண்ணிக் கதறுகிறாள். அது அவளுடைய குருதி. தன் உடல் எங்கே முடிகிறது, மகனின் உடல் எங்கே தொடங்குகிறது என்பதை அறியாத அன்பு இது. அதே சமயம், மகனைத் தவிர வேறெதையும் பாராத கண்களின் கையில் ஒரு கத்தியும் இருக்கிறது என்பதைப் போங் நமக்கு முதலிலேயே காட்டிவிடுகிறார்.

ஓர் இரவில் ஆ-ஜுங் என்னும் பள்ளி மாணவி கொல்லப்படுகிறாள். அவளது உடல் ஒரு பாழடைந்த வீட்டின் மொட்டைமாடிச் சுவரில், ஊரே பார்க்கும்படி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அருகில் கிடந்த கோல்ஃப் பந்தில் டோ-ஜூனின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. காவலர்க்கு அதுவே போதுமானதாகிறது. ஓர் ஆப்பிளை அவன் வாயில் திணித்து, அதைக் காலால் எட்டி உதைத்து அச்சுறுத்தி, ஒப்புதல் வாக்குமூலத்தில் அவனது கைரேகையைப் பதித்து வழக்கை முடித்துவிடுகின்றனர். பெரும் பொருள் கேட்கும் வழக்குரைஞரோ, மனநலக் காப்பகத்தில் நான்காண்டுகள் என்ற பேரத்தை மது விருந்தின் நடுவே அவளிடம் முன்வைக்கிறார். காவல்துறையும் நீதித்துறையும் கைவிட்ட இடத்தில் தாய் தானே புலனாய்வில் இறங்குகிறாள்.

இதுவரை நாம் பலமுறை பார்த்த கதைதான். அப்பாவி மகன், அலட்சியமான அதிகாரம், தளராத தாய் என்னும் சட்டகத்திற்குள் நம்மை முழுமையாக அமர்த்திய பிறகே போங் அதனைத் தலைகீழாக்குகிறார். கொலையை நேரில் கண்ட ஒருவர் இருக்கிறார். அவர் ஊருக்கு வெளியே தனியாக வாழும் கிழவர். பழைய பொருள்களைப் பொறுக்கி விற்பவர். தாய் அவரிடம் செல்வது அவரே கொலையாளியாக இருக்கலாம் என்ற ஐயத்தில். அவரோ, பெண்ணைக் கொன்றவன் டோ-ஜூனே என்று கண்டதைக் கண்டபடி கூறுகிறார். அந்தப் பெண் அவனை 'முட்டாள்' என்று ஏசினாள், அவள் எறிந்த கல்லை அவன் திருப்பி எறிந்தான், அவள் விழுந்தாள். தன்னை ஏசுபவரை விட்டுவிடக் கூடாது, திருப்பித் தாக்க வேண்டும் என்று மகனுக்குக் கற்பித்தவள் தாயே என்பது இங்கு நினைக்கத்தக்கது. கிழவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கூறத் தொலைபேசியை எடுக்கிறார். தாய் அங்கிருந்த பெரிய ஸ்பானரை எடுத்து அவரை அடித்துக் கொன்று, குடிசைக்குத் தீ வைக்கிறாள்.

இத்தாயாக நடித்தவர் கிம் ஹே-ஜா. 1980 முதல் 2002 வரை ஒளிபரப்பான ஒரு கிராமியத் தொலைக்காட்சித் தொடரில் அன்பே உருவான தாயாக நடித்து, கொரிய மக்களால் 'நாட்டின் தாய்' என்று அழைக்கப்பட்டவர் அவர். அந்த முகத்தையே போங் இதற்குத் தேர்ந்தெடுத்ததை வெறும் நடிகர் தேர்வாகக் கருத இயலாது. ஒரு நாடு தன் தாய்மைப் படிமத்தை எந்த முகத்தில் வைத்து வணங்கியதோ, அம்முகத்தின்மீதே கிழவரின் குருதி தெறிக்கிறது. கொரிய எழுத்தில் 'மதர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் கொலையைக் குறிக்கும் 'மர்டர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியைப் பெறுவதையும் பலர் சுட்டிக்காட்டியுள்ளனர்.

தாயற்ற மூவர்

விமர்சகர்கள் பெரும்பாலும் தாயின் உளவியலிலேயே நின்றுவிட்டனர். மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவனுக்குப் பூச்சிமருந்து கலந்த பானத்தைக் கொடுத்துத் தானும் சாக முயன்றவள் அவள் என்பது படத்தின் நடுவே வெளிப்படுவதால், குற்றவுணர்வும் பாசமும் பிணைந்த அம்முடிச்சைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளது. அது பொருத்தமானதே. ஆனால் இப்படத்தில் அழிந்துபோகிறவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொன்று தெரியவரும்.

முதலாவதாக ஆ-ஜுங். பெற்றோர் துணையின்றி, நினைவு தடுமாறிய, குடிக்கு அடிமையான பாட்டியோடு வாழ்ந்தவள். வீட்டில் உலை பொங்குவதற்காக ஊர் ஆண்களிடம் அரிசிக்குத் தன் உடலை விற்றவள். அவளிடம் வந்து சென்றவர்களின் படங்கள் அவளுடைய கைப்பேசியில் உள்ளன. அவளுக்காக வழக்காட ஒருவரும் இல்லை. இரண்டாவதாக அக்கிழவர். மழையில் நனைந்து நின்ற தாய், அவரது வண்டியிலிருந்த பழைய குடைக்காக நீட்டிய பணத்தில் ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மறுத்த நேர்மையாளர். கொல்லப்பட்ட பின் அவரைத் தேடி வருவோர் எவருமில்லை.

மூன்றாமவனே இப்படத்தின் இதயம். கிழவரைக் கொன்று திரும்பிய தாயிடம், உண்மையான கொலையாளி பிடிபட்டுவிட்டான் என்று காவலர் தெரிவிக்கிறார். பிடிபட்டவன் ஜோங்-பால் என்னும் இளைஞன். ஒரு காப்பகத்திலிருந்து தப்பி ஓடியவன். டோ-ஜூனைவிடவும் அறிவு வளர்ச்சி குன்றியவன். அவனது சட்டையில் ஆ-ஜுங்கின் குருதி இருந்ததாம். அவளுக்கு அடிக்கடி மூக்கிலிருந்து குருதி வழியும் என்பதை நாம் முன்னமே அறிவோம். தாய்க்கு உண்மை தெரியும். அவள் சிறைக்குச் சென்று அவனைப் பார்க்கிறாள். உனக்குப் பெற்றோர் இல்லையா, தாய் இல்லையா என்று கேட்கிறாள். இல்லை என்பதை அறிந்ததும் உடைந்து அழுகிறாள். பிறகு எழுந்து சென்றுவிடுகிறாள்.

அந்த அழுகை போலியானதன்று. அவனுக்கொரு தாய் இருந்திருந்தால் அவளும் தன்னைப் போலவே ஊரெல்லாம் அலைந்து அவனை மீட்டிருப்பாள் என்பது அத்தாய்க்குத் தெரியும். தாயுள்ள குற்றவாளி வெளியே வருகிறான்; தாயற்ற நிரபராதி உள்ளே செல்கிறான். காவல்துறையின் பார்வையில் இருவருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவே. அழுது முடித்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை என்பதில் போங்கின் அறச்சீற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பழவேற்காட்டின் பாடு

இதனைப் பழவேற்காட்டுக் கரையிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சென்னைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் பழவேற்காடு, சில்காவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அரபு வணிகத் தொடர்பாலும், கடல் கடந்து சென்ற 'பழவேற்காட்டுக் கைக்குட்டை' என்னும் துணியாலும், 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டையாலும் நம் வாசகர் அவ்வூரை அறிவர். பனையோலையில் கூடைகளும் பெட்டிகளும் முடையும் அங்குள்ள முஸ்லிம் பெண்களின் கைத்திறனையும் பலர் அறிவர். வாசலில் அமர்ந்து ஓலையைக் கிழித்தபடியே தெருவில் விளையாடும் பிள்ளைமீது ஒரு கண்ணை வைத்திருக்கும் தாய்க்கு, போங் காட்டும் மூலிகைக்கடைத் தாய் அந்நியமானவள் அல்லள்.

எனினும் ஒப்புமை இத்தகைய தோற்றங்களில் மட்டும் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு மரபு உண்டு. மீன்வளமும் இறால் வரத்தும் மிக்க இடங்களில் யார், எந்த நாளில் வலையிடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சி முறையில் தீர்மானிக்கும் ஏற்பாடு அது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார் அதற்கு உரியவர். மணமான ஆண்மகன் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்பட்டுப் பாட்டில் பங்கு பெறுகிறான். நல்ல இடத்தை வல்லவன் ஒருவனே வளைத்துக்கொள்ள முடியாது. இன்று நல்ல இடம் கிட்டியவனுக்கு நாளை வேறிடம். வளத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறைகளைப் பற்றி ஆராய்வோர் இதனை வியந்து பாராட்டியிருப்பதில் நியாயம் உண்டு. அரசின் சட்டம் வருமுன்னரே, சண்டையின்றி ஓர் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள அம்மக்கள் கற்றிருந்தனர்.

ஆனால் பாட்டிற்கு ஒரு வேலி உண்டு. அது பிறப்பால் வருவது. அச்சமூகத்திற்கு வெளியே பிறந்தவன், அதே ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும், அந்தச் சீட்டில் அவன் பெயர் இராது. ஏரியின் ஆழமற்ற நீரில் சேற்றைக் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இவ்வேலிக்கு வெளியே நிற்பவர்கள். வலையும் படகும் இல்லாத அவர்களுக்குக் கையே கருவி. உள்ளே இருப்பவர்க்கு இத்துணை நேர்மையாகப் பங்கிடும் அதே முறை, வெளியே இருப்பவரைக் காண்பதே இல்லை. இதில் எவரும் கொடியவர் அல்லர். தம் பிள்ளைகளுக்குரிய பங்கைக் காக்கும் பெற்றோரே அனைவரும். நீரோ நாளுக்கு நாள் சுருங்குகிறது. முகத்துவாரம் மணலால் அடைபடுகிறது. மீன் குறையக் குறைய வேலி இறுகுகிறது.

'மதர்' படத்தின் தாயன்பும் இவ்வாறே இயங்குகிறது. உள்ளே அது குறைவற்றது. தன் விரலையும் தன் உயிரையும் மகனுக்காகத் தரக்கூடியது. வெளியே அதற்குக் கண்ணில்லை. இவ்விரண்டும் ஒரே அன்பின் இரு இயல்புகள்; ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விலக்க முடியுமா என்பதே கேள்வி. மீனவக் கிராமத்தில் ஒருவர் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டால் ஊரார் கூடிச் சென்று கேட்பர். அந்த ஊர் என்னும் தாய் இருளர் குடியிருப்புக்கு வாய்ப்பதில்லை. நிலுவையிலுள்ள திருட்டு வழக்குகள் இத்தகையோர்மீது சுமத்தப்படுவதை 'ஜெய் பீம்' (2021) திரைப்படத்தின் தொடக்கக் காட்சி காட்டியது. சிறையிலிருந்து வெளிவருவோரிடம் சாதியைக் கேட்டு, கேட்பார் அற்றவர்களை மட்டும் மீண்டும் பிடித்துச் செல்லும் அக்காட்சியும், போங்கின் ஜோங்-பால் சிறையில் அமர்ந்திருக்கும் காட்சியும் ஒரே உண்மையை இரு மொழிகளில் உரைக்கின்றன.

'பாபநாசம்' தரும் ஆறுதல்

பெற்றோரின் பற்றைக் கருவாகக் கொண்ட தமிழ்த் திகில் படங்களில் பெரிதும் போற்றப்பட்டது 'பாபநாசம்' (2015). ஜீத்து ஜோசப் தம் மலையாளப் படமான 'த்ரிஷ்ய'த்தைத் (2013) தாமே தமிழில் மறுஆக்கம் செய்தார். அக்கதை இந்தியில் சென்றது, சீனத்தில் சென்றது, 2023இல் கான் விழாவின்போது அதன் கொரிய மறுஆக்கமும் அறிவிக்கப்பட்டது. எனவே இவ்விரு படங்களையும் ஒப்பிடுவதற்குக் கொரியத் திரைத்துறையே ஒருவகையில் வழி திறந்துவிட்டது எனலாம்.

கேபிள் தொலைக்காட்சித் தொழில் நடத்தும் சுயம்புலிங்கம், தன் மகளை அச்சுறுத்திய இளைஞன் அவள் கையால் இறந்துபட, அக்கொலையை மறைக்கிறான். பார்த்த திரைப்படங்களிலிருந்து கற்ற உத்திகளால் ஊரார் அனைவரையும் தனக்குச் சாட்சியாக்குகிறான். இறந்தவனின் தாய் ஒரு காவல்துறை உயரதிகாரி. இரு பெற்றோரின் பற்றுகள் மோதும் களம் அது. ஆஷா சரத் நடித்த அத்தாயின் துயரமும் உண்மையானதே. ஆயினும் திரைக்கதை நம்மை ஒரு பக்கத்திலேயே நிறுத்துகிறது. இறந்தவன் இழிந்த செயல் புரிந்தவன். அவன் தாய் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறாள். சிறுமியைக் காவலர் அடிக்கிறார். இவையனைத்தும் சேர்ந்து, மறைத்தல் நியாயமே என்ற முடிவுக்கு நம்மை எளிதாக இட்டுச் செல்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்படத்தில் நிரபராதி ஒருவனும் அக்குற்றத்துக்காகச் சிறைக்குச் செல்வதில்லை. சுயம்புலிங்கத்தின் அன்புக்கு மூன்றாம் மனிதர் எவரும் விலை கொடுக்கவில்லை. அதனாலேயே நாம் கைதட்டிவிட்டு எழ முடிகிறது.

போங் அந்தக் கைதட்டலை நமக்கு மறுக்கிறார். அதே சூழ்நிலையில் ஜோங்-பால் என்ற ஒருவனை மட்டும் அவர் சேர்க்கிறார். கதையின் அறக்கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. 'பாபநாசம்' குறையுடைய படம் என்று கூறுவது என் நோக்கமன்று. அது தன் வகையில் செம்மையாக எழுதப்பட்ட படம். ஆனால் மறைக்கப்பட்ட ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு ஜோங்-பால் தேவைப்படுகிறான் என்பதை நடைமுறை வாழ்வை அறிந்தோர் மறுக்க மாட்டார்கள். கோப்பு முடிக்கப்பட வேண்டும். யாரேனும் ஒருவர் உள்ளே செல்ல வேண்டும். நம் படங்கள் அவனைக் கதைக்குள் நுழைய விடுவதில்லை.

கவசமும் எத்தீமும்

இவ்விடத்தில் நம் வாசகர்க்கு ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வரக்கூடும். திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்தில் 105ஆவது வசனம் தொடங்கி வரும் பகுதிக்கு விரிவுரையாளர்கள் கூறும் பின்னணி அது. பரவலாக எடுத்துரைக்கப்படும் அறிவிப்பின்படி, மதீனாவில் துஅமா இப்னு உபைரிக் என்பவர் ஒரு கவசத்தைத் திருடினார். ஐயம் தம்மீது விழுந்ததும் அக்குற்றத்தை ஒரு யூதர்மீது திருப்பினார். துஅமாவின் குலத்தார் திரண்டு வந்து, தம் ஆளுக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வாதாடினர். குலத்தாரும் முஸ்லிம்கள், குற்றவாளியும் தம்மை முஸ்லிம் என்றவர். சுமத்தப்பட்டவரோ வேற்றுச் சமயத்தவர், அவருக்காகத் திரண்டு வரக் குலம் இல்லாதவர். அந்நிலையில் அருளப்பட்ட வசனங்கள் அந்த யூதரின் பக்கம் நின்றன. தான் செய்த குற்றத்தைக் குற்றமற்றவன்மீது வீசுவது இரட்டைப் பாவம் என்று அப்பகுதி தெளிவுபடுத்துகிறது. அதே அத்தியாயத்தின் 135ஆவது வசனம், பெற்றோர்க்கும் உறவினர்க்கும் எதிராக நேரினும் நீதிக்குச் சாட்சி கூற வேண்டும் எனப் பணிக்கிறது.

இந்நெறி தாயன்பை மறுக்கவில்லை. மூழ்கும் மகனுக்காக நூஹ் நபி (அலை) இறைவனிடம் முறையிட்டதும் நமக்குச் சொல்லப்பட்டுள்ளது. தந்தையின் அத்தவிப்பு இயல்பானது என்பதால்தானே அதற்கு விடை தரப்படுகிறது. பாசம் இயற்கை, சாட்சியம் கடமை. இரண்டும் மோதும்போது எது முன்நிற்க வேண்டும் என்பதே அங்குப் பேசப்படுவது. எத்தீம்களைக் குறித்து மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படுவதன் பொருளும் இவ்வெளிச்சத்தில் விரிவடைகிறது. பிறக்கும் முன்பே தந்தையையும் ஆறு வயதில் தாயையும் இழந்த ஒருவரைத் தூதராக ஏற்ற சமூகம், உணவும் உடையும் தருவதோடு எத்தீமுக்குரிய கடமை முடிந்துவிட்டதாக எண்ண இயலாது. அவனுக்காக வழக்காடுவதும் அக்கடமையில் அடங்கும். எத்தீம்கானாக்களைக் கட்டியெழுப்புவதில் முன்நிற்கும் நாம், காவல் நிலையத்தின் வாசலில் அவனுக்காக நிற்கிறோமா என்பது தனியே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பெற்றோரின் பற்று வேலியைத் தாண்டக்கூடியது என்பதற்கும் நம் காலத்தில் சான்று உண்டு. 1991இல் கைதான தம் மகன் பேரறிவாளனுக்காக முப்பதாண்டுகளுக்கும் மேலாக நீதிமன்றங்களையும் சிறைகளையும் சுற்றிவந்த அற்புதம் அம்மாள், 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பால் மகனை மீட்டார். அவ்வழக்கைப் பற்றிய கருத்து வேறுபாடுகள் இங்குப் பொருளல்ல. மகனுக்காகத் தொடங்கிய அத்தாயின் நடை, மரண தண்டனையே கூடாது என்ற பொது இயக்கத்தில் அவரைச் சேர்த்தது என்பதே கவனிக்கத்தக்கது. தம் பிள்ளையின் தூக்குக்கயிற்றில் பிறர் பிள்ளைகளின் கயிறுகளையும் அவர் கண்டார். போங்கின் தாய்க்கும் அந்த வாயில் திறந்தே இருந்தது. ஜோங்-பாலின் எதிரே அமர்ந்து அவள் அழுத அந்தச் சில நிமிடங்களில்.

எஞ்சும் குறைகள்

இப்படத்தின்மீது இரு குறைகளைக் கூறலாம். முதலாவது, அறிவு வளர்ச்சி குன்றியவர்களைக் கதையின் புதிரை அவிழ்க்கும் கருவியாகப் போங் பயன்படுத்துகிறார் என்பது. டோ-ஜூனின் மறதியும் திடீர் நினைவும் திரைக்கதைக்கு வேண்டியபோதெல்லாம் வந்து உதவுவதை மறுப்பதற்கில்லை. இரண்டாவது, ஒரு சமூகத்தின் தோல்வி முழுவதையும் ஒரு பெண்ணின் தலையில் சுமத்துகிறது என்பது. இதற்குப் படமே ஓரளவு விடை தருகிறது. காவலரின் சோம்பலும் வழக்குரைஞரின் பேராசையும் ஆ-ஜுங்கின் உடலை அரிசிக்கு வாங்கிய ஆண்களின் மௌனமும் ஒன்றுசேர்ந்தே அத்தாயை அக்குடிசை வரை தள்ளுகின்றன. அரசு செய்ய வேண்டியதைத் தாயிடம் விட்டுவிடும் சமூகம், தாய் செய்தவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

முடிவுக் காட்சியில், பெற்றோரை மகிழ்விக்கப் பிள்ளைகள் அனுப்பிவைக்கும் சுற்றுலாப் பேருந்தில் தாய் ஏறுகிறாள். எரிந்த குடிசையின் சாம்பலில் கிடந்த அவளது ஊசிப்பெட்டியை மகனே கண்டெடுத்து அவள் கையில் கொடுத்து வழியனுப்புகிறான். அவன் எவ்வளவு அறிந்திருக்கிறான் என்பது நமக்குச் சொல்லப்படுவதில்லை. துயர நினைவுகளை அழிக்கவல்லதாக அவள் நம்பும் இடத்தில், தன் தொடையில் தானே ஊசியைக் குத்திக்கொள்கிறாள். பிறகு எழுந்து, ஆடிக்கொண்டிருக்கும் மற்றத் தாய்மார்களின் கூட்டத்தில் கலக்கிறாள். மாலை வெயில் பேருந்தின் சன்னல்களை ஊடுருவ, அவர்களுள் எவள் அவள் என்று நம்மால் பிரித்தறிய முடிவதில்லை.

அப்பேருந்தில் இருக்கும் தாய்மார் அனைவருக்கும் மறக்க வேண்டியது ஏதேனும் இருக்குமோ என்று எண்ண வைக்கும் காட்சி அது. ஆயினும் படம் முடிந்த பிறகு நெடுநேரம் நம்மோடு தங்குவது ஜோங்-பாலின் முகமே. அவனுக்குத் தாய் இல்லை என்பதை அவள் அறிந்தாள். அவன் குற்றமற்றவன் என்பதையும் அறிந்தாள். இரண்டையும் அறிந்த ஒரே சாட்சி, அழுதுவிட்டு எழுந்து போனாள்.